தரங்கம்பாடிக் காசும் தவிட்டுப் பிள்ளையும்

பழைய செம்பு வாங்குகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் முதலில் பழக வேண்டியது, கொண்டுவருகிறவளுடைய முகத்தைப் பார்க்காமல் எடை போடுவது. முகத்தைப் பார்த்தால் கதை வரும். பாத்திரம் வீட்டை விட்டுப் போன பிறகும் கதை மட்டும் அடுக்களையில் உட்கார்ந்திருக்கும். அடுப்பு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், தராசு ஒரு பக்கம் என்று என்னைப்போல் மாட்டிக்கொண்டு நிற்கிற பெண்டுகளுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலியில் தேரோடும் வீதிக்குப் பின்னால் பாத்திரப் பட்டறை. முன்னால் கடை, நடுவில் பட்டறை, பின்னால் நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறை. ஆண்கள் முன்வாசல் வழியாக வந்து புதுப் பாத்திரம் வாங்குவார்கள். பெண்கள் புழக்கடை வழியாக வந்து பழையதைப் போடுவார்கள். அதுவும் உச்சிவெயிலில், தெரு அடங்கிக் கிடக்கிற நேரமாகப் பார்த்து வருவார்கள். அந்த வாசல் என் பொறுப்பு. ஓட்டைச் செம்பு, நெளிந்த போணி, யாருக்கும் ஆகாத பழங்காசு எல்லாம் என் கூடைக்கு வரும். கூடை மூசைக்குப் போகும். மூசை என்பது செம்பு உருக்குகிற மண்குடுவை. அதற்குள் போன பிறகு செம்பு ஏது, காசு ஏது? எல்லாம் ஒரே சிவப்புக் கஞ்சி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் பிறந்த இரண்டும் ஆண். மூத்தவனுக்கு என் மாமனார் பேரை விட்டார்கள். பதினொரு மாதம் இருந்தான். அடுத்தவனுக்கும் அதே பேர். அவன் ஏழு மாதம். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. பெற்ற பிள்ளைகளையே நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்றாவதும் ஆணாகப் பிறந்தபோது மருத்துவச்சி அவனை முறத்தில் வைத்துப் புழக்கடை வழியாக வெளியே கொண்டுபோய், திரும்ப வாசலில் வந்து நின்று, “பிள்ளை வேணுமா தாயி?” என்று கேட்டாள். நான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டேன். விலைக்கு வாங்கின பிள்ளையை எமன் இந்த வீட்டுப் பிள்ளை என்று தேடி வரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அவன் தவிட்டான். காது குத்துகிற அன்றைக்கு முறைப்படி அப்பா பேரையே விட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றார். அந்தப் பேர் காதில் விழுந்தாலே நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போய்விடுவேன்.

முகமில்லாத ராசாக்கள்

டில்லியில் ஜார்ஜ் ராசாவுக்குப் பட்டம் கட்டின வருஷம், தாலுகா ஆபீஸில் பழைய தஸ்தாவேஜ் பார்க்கிற ஒரு பிள்ளைவாள் எங்கள் கடைக்கு வந்தார். ஆழ்வார்குறிச்சிக்காரர். அவருக்குத் தரங்கம்பாடிக் காசு சேர்க்கிற பைத்தியம். தரங்கம்பாடியில் முன்னொரு காலம் டென்மார்க்கு என்கிற குளிர்தேசத்துக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்தார்களாம். அவர்களுடைய ராசாக்கள் பேரில் அங்கேயே காசு அடித்தார்களாம். அது கைமாறிக் கைமாறி, வியாபாரிகள் மடியிலும் யாத்திரை வந்தவர்கள் முடிச்சிலுமாக நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருக்கும், மூசையில் போடுமுன் ஒரு பார்வை பார்த்து எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் என் வீட்டுக்காரரிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு வருஷம் அவர் என் வளையல் சத்தத்தைத்தான் அறிவார்.

ஒரு நீலக் காகிதத்தில் ராசாக்களின் அடையாளத்தை வரைந்து கொடுத்தார். மூன்றாம் கிளாஸோடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். ஓர் எழுத்து கருக்கரிவாள் மாதிரி வளைந்திருந்தது. மற்றது கதவுச் சாவி மாதிரி நின்றது. ஆகவே எனக்கு அரிவாள் ராசா, சாவி ராசா என்று இரண்டு வகை. அரிவாளுக்குள் நாலு என்றால் நாலாம் ராசா. கடைசி இரண்டு பேருக்கு மட்டும் நம்பரை எழுதாமல் ரோமாபுரிக் கணக்கில் கவையும் கோடுமாகக் கீறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிரீடம். நமக்குப் பழகின காசில் ராணியம்மாள் தலை இருக்கும், எட்வர்டு ராசாவின் வழுக்கைத் தலை இருக்கும். இதில் கிரீடம் இருக்கிறது, அதற்குக் கீழே தலை இல்லை. ராசாவின் மூஞ்சி எங்கே என்று வீட்டுக்காரர் மூலமாகக் கேட்டேன். பிள்ளைவாள் கதவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரிடம் சொன்னார்: “மூஞ்சி எதுக்கு வே? மூஞ்சி செத்துப்போகும். பேருதான் மாறி மாறித் திரும்பி வந்துக்கிட்டே இருக்கும்.”

நெற்றியிலிருந்து வந்தது

முதல் அரிவாள் ராசா முக்கூடலிலிருந்து வந்தார். கொண்டுவந்தவளுக்கு நாற்பது வயசு இருக்கும். நெற்றியில் பொட்டில்லை. ஒரு செம்பும் இரண்டு கிண்ணமும் போட்டுவிட்டுக் கடைசியாக மடியை அவிழ்த்து ஒரு சின்னக் காசைத் தரையில் வைத்தாள். என் கையில் தரவில்லை. காசின் ஒரு பக்கம் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. இறந்தவர்களைத் தூக்கும்போது நெற்றியில் சந்தனம் வைத்து ஒட்டுகிற காசு அது. மயானத்தில் வெட்டியான் எடுத்துக்கொள்வான். அவனுக்கு உரியது வீட்டுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். இந்தக் காசு எந்தக் கடையிலும் செல்லாது. அவள் மாமனார் போனபோது வைத்தார்கள். வெட்டியான் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு காசு வாங்கிப்போனான். கூரை எறவாணத்தில் செருகி வைத்தது, மாமியார் போனபோது அவசரத்துக்கு அதுவே கைக்கு வந்தது. மறுபடி திரும்பி வந்தது. ஐப்பசியில் அவள் புருஷன்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தவிட்டான் தவழ்ந்து வந்து அந்தக் காசை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிள்ளை வாயில் விரலைவிட்டு எதையாவது தோண்டி எடுக்காத தாய் யார் இருக்கிறாள்? நானும் பதறி விரலைவிட்டுத் தோண்டினேன். எடுத்துப் பார்த்தால், பிள்ளை எச்சிலில் சந்தனம் கரைந்து ஏழு என்ற நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஏழாம் ராசாவுக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது என்று பிள்ளைவாள் பிற்பாடு சொன்னார். அந்த அம்மாள் பதறவில்லை. பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “எங்க வீட்டுல இனி நான் ஒருத்திதான் இருக்கேன் தாயி. என்னைத் தேடிட்டு அது திரும்பி வந்துரக் கூடாது பாரு, அதான் தூரமாக் கொண்டாந்து போட்டேன்.”

அரிவாள் போடுகிறவள்

செம்புக்காரன் பெண்டாட்டி கிரீடம் போட்ட காசுக்கு எடைக்கு மேல் கொடுக்கிறாள் என்று எப்படியோ தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் தெருக்கோடியில் முறுக்குச் சுடுகிற மதினி ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் மடி நிறையத் தேய்ந்த காசுகளோடு வந்தாள். எல்லாவற்றிலும் அரிவாள். ஆணியால் கீறினது, செம்பு இன்னும் புதுச் சிவப்பாக மின்னியது. ஒன்றில் கிரீடத்துக்குப் பதிலாகக் கொண்டை மாதிரி ஏதோ போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “ஏன், இதுக்கு என்ன கொள்ளை? அந்த ராசா மட்டும் ஆணியால கீறாம மயிலிறகால தடவியா போட்டாரு?”

வலை ஈயம்

ராதாபுரத்துக்குக் கிழக்கே கடற்கரையிலிருந்து ஒரு கருவாட்டுக்காரி மாதம் ஒரு தடவை வருவாள். கழுத்தில் சிலுவை, காதில் பாம்படம், வாயில் ஓயாத பேச்சு. ஒரு தடவை அவள் பேசாமல் வந்தாள். கருவாட்டுக் கூடையில் கருவாடு இல்லை. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகள் கிடந்தன. எடை போடக் கொட்டினேன். உருண்டைகளுக்கு நடுவில் ஒன்று தட்டையாக, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்ததாக இருந்தது. துடைத்தால் கிரீடம். அதற்குக் கீழே அரிவாள். அரிவாளுக்குள் நாலு. பிள்ளைவாள் காகிதத்தில் முதலில் நிற்கிற ராசா. முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஈயத்திலேயே காசு அடித்தவர். தரங்கம்பாடிக் கடலில் விழுந்ததோ, வலைக்காரர் கைகளிலேயே கரையோரமாக நகர்ந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொண்டாட்டத்தில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். முகத்தை நிமிர்ந்து பார்த்து, “வலை பழசாயிட்டா? வேற வலைக்கு ஈயம் வேணும்லா?” என்று கேட்டேன். அவள் தராசைப் பார்த்தபடியே சொன்னாள். “வலை புதுசுதான் தாயீ. ராவுல தோணி கவுந்து என் வீட்டு ஆளு கடலுக்குள்ள போயிட்டாவ. மூணாம் நாளு என் கொழுந்தன் வலைய வீசினான். மாதாவே, இந்த வலைதான் அவியளப் புடிச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு.”

இரண்டு கிறிஸ்தியான்கள்

அந்த ஈயக்காசைக் கண்ட அன்றைக்குப் பிள்ளைவாள் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேக்குப் பலகையில் ஒன்பது குழி தோண்டிச் சிவப்புத் துணி ஒட்டியிருந்தது. எட்டுக் குழியில் ராசாக்கள் இருந்தார்கள். பாதிரியார் ஒருவரிடம் இரவல் வாங்கின புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அரிவாள் ராசாவையும் சாவி ராசாவையும் மாறி மாறி விரலால் தொட்டு என் வீட்டுக்காரருக்குச் சொன்னார். “இது கிறிஸ்தியான். இவன் மகன் பிரெதரிக்கு. அவன் மகன் திரும்பக் கிறிஸ்தியான். அவன் மகன் திரும்பப் பிரெதரிக்கு. வேற பேரே கெடையாது வே அந்த வீட்டுல.” வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். கதவுப் பக்கம் திரும்பி, “கேட்டியா ஏளா? கடலுக்கு அப்பாலயும் தாத்தா பேரத்தான் பேரனுக்கு விடுதான்!” என்றார். நான் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

ஒன்பதாவது குழி காலி. அது எட்டாம் கிறிஸ்தியானுக்கு உரியது, அவர் காலத்தில்தான் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரருக்கு விற்றார்கள், அந்தக் காசு மட்டும் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது என்றார். “அவரு இந்த ஆறாம் பிரெதரிக்குக்கு மகனா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “இல்ல வே, சித்தப்பா மகன். ஆறாம் பிரெதரிக்குக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. மூத்தவனுக்கு முறைப்படி கிறிஸ்தியான்னு பேரு விட்டாரு. கைக்குழந்தையிலேயே போயிட்டான். ஆறு வருஷம் கழிச்சு அடுத்தவன். அவனுக்கும் கிறிஸ்தியான். அவனும் போயிட்டான்.”

நான் எப்போது கதவைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைவாள் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். “ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?” என்று கேட்டது என் குரல்தான். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் வீட்டு விவரம் பிள்ளைவாளுக்குத் தெரியாது. அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “ஆமா தாயி. மூணாவது ஆம்பளப் பிள்ளை பிறக்கல. பிறந்திருந்தா அவனுக்கும் அதத்தான் விட்டிருப்பாரு. ராசாவுக்கு வேற பேரு தெரியாதே.”

சுடலை கொண்டுவந்த செம்பு

சித்திரை வைகாசியில் ஆறு ஒடுங்கிவிடும். அப்போது சுடலை என்கிறவர் குறுக்குத்துறையில் மணலைச் சல்லடையில் அரிப்பார். குளிக்க வருகிறவர்கள் ஆற்றுக்குப் போட்ட காசு, கழன்று விழுந்த மூக்குத்தி, திருகாணி எல்லாம் அவருக்குக் கிடைக்கும். அந்த வருஷம் அவர் கொண்டுவந்தது காசில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பால்செம்பு. வாயை அரக்கு வைத்து மூடியிருந்தது. வீட்டுக்காரர் அதைத் தணலில் காட்டி அரக்கை இளக்கித் திறந்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளித் தண்டை, ஒரு காசு, ஒரு பிடி மண். காசில் அரிவாள் இருந்தது. பக்கத்தில் ஒரு கவை, மூன்று கோடு. பிள்ளைவாள் தவமிருந்த எட்டாம் கிறிஸ்தியான். ஆனால் நான் மண்ணைத்தான் பார்த்தேன். அது ஆற்று மணல் இல்லை, செம்மண். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் புதைக்கிற மேட்டு மண். நாங்கள் பெண்டுகள் அங்கே போவதில்லை. ஆனாலும் அந்த மண் எனக்குத் தெரியும். இரண்டு தடவை என் வீட்டுக்காரர் காலில் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தார். கழுத்துப் பக்கம் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவதும் எங்கள் தொழில்தான். வெட்டைப் பார்த்தால் யார் உளி என்று சொல்லிவிடலாம். அவர் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். “நம்ம கடை வெட்டு,” என்றார். பிறகு அந்தப் பேரை வாய்விட்டு வாசித்தார். மாமனார் பேர். இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு அந்தப் பேர் உண்டு என்பது எனக்கும் தெரியும். யார் பிள்ளைக்கு வெட்டினதோ, அது எப்போது போனதோ, யார் அழுதுகொண்டே ஆற்றில் போட்டார்களோ. அவர் கண் கலங்கிப்போய், “அப்பா தேடி வந்துட்டாரு ஏளா. ஆவணியில பேரு விட்டுறணும்,” என்றார். கூலிக்கு நின்ற சுடலை தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, இத நான் அரிச்சு எடுக்கல. இடுப்பளவு தண்ணியில நிக்கேன், பைய வந்து பின்னால என் முழங்கால முட்டுச்சு. தவழுத பிள்ளை முட்டுமே, அந்த மாதிரி.”

கரி

செம்பை மாடக்குழியில் வைத்தார். ஆவணி வருமுன்னே ஒரு நாள் ஆசை பொறுக்காமல் அதிலேயே பாலைக் காய்ச்சி ஊற்றித் தவிட்டானுக்குக் கொடுத்தார். அவனும் சப்புக்கொட்டிக் குடித்தான். அன்றைக்குச் சாயங்காலமே உடம்பு சுட்டது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பட்டறையில் செம்பு உருக்குகிற வேலை. சரக்கைத் தரம் பார்த்துக் கூடையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. இத்தனை நாளும் கூடைக்குள் கையைவிட்டுப் பேருள்ளதை வெளியே எடுத்தவள், அன்றைக்கு ஒன்றை உள்ளே வைத்தேன். அடியில் வைத்து மேலே ஓட்டைப் போணியும் தகடுமாக மூடினேன். புத்தியில்லாதவள்! அடியில் வைத்ததுதானே கவிழ்க்கும்போது மேலே வரும்? அவர் மூசை வாயில் கூடையைக் கவிழ்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, பேர் மேல்பக்கமாக, அந்தச் செம்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் கை நின்றது. இடுக்கியை எடுத்தார். எடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். மாமனார் பேரை நெருப்பில் போட்ட மருமகளுக்கு எந்த வீட்டில் இடமிருக்கும்? அவர் திரும்பிப் பார்த்தார். நான் கும்பிடவில்லை, அழவில்லை. சுடுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். பிள்ளை தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திறந்து அப்பாவைப் பார்த்தான். அவர் இடுக்கியால் செம்பைப் புரட்டினார். பேர் கீழ்ப்பக்கம் போயிற்று. மூசையை உலையில் இறக்கினார். துருத்தியில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார். “இன்னும் கொஞ்சம் கரி போடு, ஏளா.”

காது குத்து

அந்த உருக்கிலிருந்து ஏழு செம்பு தட்டினார். ஏழும் விற்றுப்போயிற்று. அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாணச் சீர்வரிசையில் இரண்டு போனது தெரியும், மற்றது தெரியாது. உங்கள் வீட்டில் வெயில் நேரத்தில் சும்மா இருக்கிற செம்பு லேசாக ஓசை கொடுத்தால் பயப்பட வேண்டாம். நானும் கேட்டிருக்கிறேன். வெயிலுக்குச் செம்பு விரியும் என்று வீட்டுக்காரர் சொல்வார், ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆவணியில் குறுக்குத்துறையில் காது குத்தினோம். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளை பேரச் சொல்லும் வே, காதுல சொல்லணும்லா,” என்றார். சொந்தக்காரர் எல்லோரும் அந்தப் பேருக்காகக் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்தார். “தவிட்டான்,” என்றார். “அது கூப்பிடுத பேரு. விடுத பேரு என்னவே?” என்றார் ஆசாரி. “அதுவும் அதுதான்.” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெட்கத்தால் என்று நினைத்திருப்பார்கள்.

மறுவாரம் பிள்ளைவாள் வந்தார். எட்டாம் கிறிஸ்தியானை நானே வெளியே வந்து அவர் கையில் வைத்தேன். ஒன்பதாவது குழியில் அதை அழுத்தி வைத்துவிட்டு, இது எதில் கிடந்தது, அந்தப் பாத்திரத்தையும் பார்க்க வேண்டுமே என்று பறந்தார். “அது ஓட்டை மண்சட்டி, பிள்ளைவாள். தூரப் போட்டாச்சு,” என்றார் வீட்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், காதுமடல் சிவந்துவிட்டது. பிள்ளைவாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு நின்றவனைக் குனிந்து பார்த்து, பேர் என்ன என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் பெட்டியை மூடினார். அவசரமாக எழுந்தார், ஆனாலும் வாசல்படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். “தவிட்டானா? நல்ல பேரு தாயி. அந்த ஊரு ராணிக்கு இப்படி ஒரு பேரு வைக்கலாம்னு சொல்ல ஆளில்லாமப் போச்சு.”

பழங்காசு பொறுக்கியதில் நான் கண்ட லாபம் என்ன என்று யாராவது கேட்டால், நாலு வயசாகியும் நல்ல பேர் ஒன்று இல்லாத, மூக்கு ஒழுகுகிற, சொன்ன பேச்சுக் கேட்காத, இதை எழுதவிடாமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை.